குதிரை போதும், லாடத்தைப் பாரு தம்பி

டெல்லிப் பக்கம் கார்ப் பைத்தியம் பிடித்த நம்ம ஊர்ப் பையன்களுக்கு கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட்தான் திருப்பதி. 2011-ல் ஃபார்முலா ஒன் நடந்த இடம். 5.125 கிலோமீட்டர், 16 வளைவு. காசு கட்டினால் சாதா காரையும் உள்ளே விடும் நாட்கள் உண்டு.

எங்க அடுத்த பிளாக் தம்பியிடம் 2017-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இருக்கு. கம்பெனி கொடுத்தது 230 குதிரை. ஈசியூவில் மேப்பை மாற்றி அதற்கு மேலேயும் ஏற்றிவிட்டார். போன மாசம் வந்து, "அண்ணே, பெர்சனல் லோன் கிடைக்குமா? பெரிய டர்போ போடணும்" என்றார். எதுக்குப்பா என்றால், வளைவில் வண்டி திரும்பாமல் வெளியே ஓடுதாம். அங்கே போன நேரத்தை நேர் ரோட்டில் பிடிக்கணுமாம். திரும்பாத வண்டிக்கு இன்னும் வேகம்! நல்ல கணக்கு.

இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. திருப்புவதும் அதே ரெண்டு டயர், இழுப்பதும் அதே ரெண்டு. குதிரையைக் கூட்டக் கூட்ட திருப்புவதற்கு மிச்சம் இருக்கும் பிடிப்பு குறையும். போதாததற்கு வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்க முன் டயரும் கூடவே சாய்ந்து, ஓரத்தில் மட்டும் நிற்கும். அந்தத் தடத்தில் 10, 11-ஆம் வளைவுகள் நீளமாக வலப்பக்கம் சுற்றிக்கொண்டே போகும். இடது முன் டயரின் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தாலே சங்கதி புரிந்துவிடும்.

மருந்து ரொம்பச் செலவில்லை. முதலில் நல்ல டயர். அடுத்து கேம்பர் பிளேட் போட்டு முன்சக்கரத்தின் மேல்பக்கத்தை ரெண்டு டிகிரி போல உள்ளே சாய்த்தால், வளைவில் டயர் முழுசாகப் படியும். பிறகு பின்னால் கொஞ்சம் தடித்த ஆன்ட்டி ரோல் பார். இது பலருக்குத் தலைகீழாகத் தோணும். பின்பக்கம் விறைப்பானால் எடை மாறுவதில் அதிகப் பங்கைப் பின் டயர்கள் வாங்கிக்கொள்ளும். முன் டயர் ரெண்டும் சுமையைச் சமமாகப் பகிரும், மூக்கு உள்ளே வரும். ஆனால் மழையில் வளைவு நடுவே சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் வால் சுற்றிவிடும், ஜாக்கிரதை. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு ஒட்டவைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். மூணாவது வளைவு தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர் ரோடு, கடைசியில் இறுக்கமான வலது திருப்பம். டாட் 4 பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் இழுத்துப் பழசானால் 155 வரை இறங்கலாம். அதுக்கு மேலே கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? பாலிசியை எடுத்துவரச் சொன்னேன். ரேஸ், வேகச் சோதனைக்கு ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று அதிலேயே இருக்கு. வண்டி சுவரில் மோதினாலும் கார் லோன் தவணை மாசாமாசம் போய்க்கொண்டேதான் இருக்கும். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டயர் விலை விசாரித்தார்.

இன்னொன்று. தடத்தில் ஓட்டும்போது சூட்டில் டயர் காற்றழுத்தம் ஏறும், உள்ளே வந்ததும் அளந்து இறக்கணும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடணும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.