பட்டறைக்குள் காற்று

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், நாட்டார்மங்கலம் பக்கம் மாசி மாதத்தில் போனால், கரிசல் வயல்களின் ஓரத்தில் ஓலை போர்த்திய நீள நீளமான அடைப்புகளைப் பார்க்கலாம். உயரம் மார்பளவு இருக்கும். அகலம் ஓர் ஆள் பக்கவாட்டில் நின்று கையை உள்ளே விட்டால் நடுவைத் தொட்டுவிடலாம், அவ்வளவுதான். நீளத்துக்கு மட்டும் கணக்கில்லை. வெங்காயம் எவ்வளவோ அவ்வளவு நீளம். வெங்காயப் பட்டறை என்பது இதுதான். ஐப்பசியில் நட்டு, தையிலும் மாசியிலும் பிடுங்கிய சின்ன வெங்காயம், வைகாசி நடவுக்கு விதையாகும் வரையோ விலை ஏறும் வரையோ இதற்குள் கெடாமல் கிடக்க வேண்டும்.

கெடாமல் கிடப்பது லேசான காரியம் இல்லை. நெல் காய்ந்துவிட்டால் அடங்கிவிடும். வெங்காயத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான். பிடுங்கிய பிறகும் அது மூச்சுவிடுகிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலவழித்துச் சூட்டையும் ஈரத்தையும் வெளியே விட்டபடி இருக்கிறது. அந்தச் சூடும் ஈரமும் குவியலுக்குள்ளேயே தேங்கினால் அழுகல். வாங்கிக்கொண்டு போகக் காற்று இருந்தால் பிழைப்பு. பட்டறை கட்டும் கலை முழுவதும் இந்தக் காற்றைப் பற்றியதுதான்.

நான் அங்கே போனது தோட்டக்கலை படிக்கும் ஒரு முதுகலை மாணவியோடு. அறுவடைக்குப் பிந்தைய இழப்பு அவருடைய ஆய்வு. எடை போட்டுக் கட்டிய சின்னச் சின்ன வலைப்பைகளைப் பட்டறையின் அடியிலும் நடுவிலும் மேலும் புதைத்துவைக்கிறார். மாதம் ஒருமுறை எடுத்து நிறுத்து, சுருங்கியது எவ்வளவு, அழுகியது எவ்வளவு, முளைத்தது எவ்வளவு என்று பிரித்து எழுதுகிறார். பைகளுக்குப் பக்கத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் தீப்பெட்டியளவு கருவி. வெங்காயச் சேமிப்பில் இழப்பு 30 முதல் 40 சதவீதம் வரை போகும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு பெரும்பாலும் பெரிய வெங்காயத்தை வைத்துப் போட்டது. சின்ன வெங்காயத்தில், இந்த மண்ணில், இந்தப் பட்டறையில் எந்த இடத்தில் எதனால் போகிறது என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. மொத்தமாகச் சொல்லும் சதவீதத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒரு கம்பைக்கூட நகர்த்தி நட முடியாது.

அன்று புதிய பட்டறை ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையை நடத்தியவர் எழுபதை ஒட்டிய பெரியவர். ஊரில் பட்டறை போட அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"மொதல்ல காத்து எங்கேருந்து வருதுன்னு பாக்கணும் தம்பி. அப்புறந்தான் கல்லு வைக்கிறது" என்றார்.

மேற்கிலிருந்து வரும் காற்று பட்டறையின் நீளமான பக்கத்தில் மோத வேண்டும். அதனால் பட்டறை வடக்கு தெற்காக ஓடுகிறது. தரையில் இரண்டு வரிசை கல். அதன்மேல் கனமான கம்புகள். அதற்கு மேல் மூங்கில் பிளாச்சுகளை இடைவெளி விட்டுக் கட்டிய தட்டி. தரைக்கும் தட்டிக்கும் நடுவே ஓர் அடியாவது வெற்றிடம் இருக்கிறது. கோழி நுழைந்து போகலாம். அந்த இடத்தை அடைத்து உரமூட்டை அடுக்குபவர்களைக் கண்டால் பெரியவருக்குக் கோபம் வருகிறது. பக்கச் சுவருக்கு முன்பெல்லாம் மூங்கில் தட்டிதான். இப்போது கம்பிவலை. மேலே பனையோலை அல்லது தென்னங்கீற்று.

புனே அருகே ராஜ்குருநகரில் இருக்கும் வெங்காயம் மற்றும் பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகம் பரிந்துரைக்கும் சேமிப்புக் கொட்டகையின் வரைபடத்தை மாணவி கைபேசியில் காட்டினார். அடியிலும் பக்கத்திலும் காற்றோட்டம், தரையிலிருந்து உயர்த்திய தளம், ஒற்றை வரிசையாக இருந்தால் வடக்கு தெற்கு வாக்கு. பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. ஆனா அகலம் நம்ம காய்க்கு ஆகாது" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெரிய வெங்காயத்தைக் குவித்தால் காய்களுக்கு நடுவே பெரிய சந்துகள் இருக்கும், காற்று தாராளமாகப் போய்வரும். சின்ன வெங்காயம் நெருங்கிப் படியும். சந்து சிறுத்தால் காற்றுக்குத் தடை கூடும். போதாததற்கு, எடைக்கு எடை பார்த்தால் சின்னக் காய்களின் மேற்பரப்பு அதிகம். நீர் இழப்பும் அதிகம். அதனால் குவியல் ஒடுக்கமாகவும் தாழ்வாகவும் இருந்தாக வேண்டும். "நெறையக் கொட்டுனா நெறைய நட்டம்" என்பது பெரியவரின் கணக்கு. இயற்பியல் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைக்குப் போகும் முன்பே வெங்காயத்தின் ஆயுளில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் யூரியாவை அள்ளிப் போட்டால் காய் பருக்கும், கழுத்தும் தடிக்கும். தடித்த கழுத்து காயாது, அதன் வழியே பூஞ்சை இறங்கும். பிடுங்குவதற்கு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். பிடுங்கியதை வயலிலேயே வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி சில நாள் காயவைக்கிறார்கள். வெயில் நேராகக் காயில் பட்டால் வெந்துவிடும். தாள் வழியே காய வேண்டும், காய்க்கு நிழல் வேண்டும்.

பிறகு பெண்களின் வேலை தொடங்குகிறது. கீற்றுக் கொட்டகையின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இடக்கையில் ஒரு கொத்து வெங்காயம், வலக்கையில் சின்னக் கத்தி. காய்ந்த தாளை அறுத்து, வேரைத் தட்டி, காயை வலப்பக்கமோ இடப்பக்கமோ பின்னாலோ போடுகிறார்கள். மூன்று குவியல்: பட்டறைக்கு, உடனே சந்தைக்கு, கழிவுக்கு. கழுத்து தடித்தது, அடிபட்டது, அடிப்பக்கம் லேசாக மெத்தென்று இருப்பது எதுவும் பட்டறைக்குப் போகாது. கண்ணை ஓட்டி ஆராய்வதாகத் தெரியவில்லை. விரல் அமுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

தாளை ஒட்ட அறுக்கக் கூடாது. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் விட வேண்டும் என்கின்றன பரிந்துரைகள். இவர்களிடம் அது ஒரு விரல்கடை. அங்கிருந்த மூத்த அம்மாவிடம், இத்தனை வெங்காயத்துக்கு நடுவே கண் எரியவில்லையா ஆயா என்று கேட்டேன்.

"காஞ்ச தாளத்தானே சாமி அறுக்கறோம். கண்ணு எரிஞ்சா கத்தி காயில பட்டுருச்சுன்னு அர்த்தம். அந்தக் காயி பட்டறைக்கு ஆகாது."

வெங்காயத்தின் உயிரணு உடைந்து, தனித்தனியே இருக்கும் நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்தால்தான் கண்ணைக் கரிக்கும் வாயு உண்டாகும். காயம் பட்ட இடம் அழுகலுக்கு வாசல். அந்த அம்மா தன் கண்ணையே சோதனைக் கருவியாக வைத்திருக்கிறார்.

மேல்தோல் உரியாமல் பார்த்துக்கொள்வதிலும் அதே கவனம். சரசரக்கும் அந்தச் செந்தோல் வெறும் போர்வை இல்லை. 1929-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாக்கர், லிங்க் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு, நிறமுள்ள வெங்காயத் தோலில் புரோட்டோகேட்டசூயிக் அமிலம் இருப்பதையும் அது ஒரு பூஞ்சையை வித்திலேயே தடுப்பதையும் கண்டறிந்தது. சில ஆண்டுகளில் கேட்டகால் என்ற இன்னொரு சேர்மமும் தெரியவந்தது. ஒரு பயிர் தன் நோயை எந்த வேதிப்பொருளால் தடுக்கிறது என்று திட்டமாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று. தோல் உரிந்த காயை ஆயா பின்னால் வீசியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இந்தப் பெண்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கில். வேகமாக அறுத்தால் கூடுதல் கிடைக்கும், நிதானமாகத் தேர்ந்து அறுத்தால் பட்டறை பிழைக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேலை முழுவதும் 'தரம்பிரித்தல்' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சேமிப்பு இழப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் கொட்டகையின் கூரைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்தக் கைகளின் நிதானத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விதைக்கென்று தேர்வதற்கு மட்டுமாவது நாள் கூலி கொடுக்கலாம்.

இவ்வளவு வெயிலில் வெங்காயம் எப்படித் தாங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் வெயில்தான் அதைத் தூங்கவைக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வெங்காயம் முளைக்காது. 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் முளைப்பு அடங்கியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே, 10 முதல் 20 டிகிரிக்குள் மளமளவென்று முளைக்கும். குளிர்பதனக் கிடங்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஓயாத மின்சாரம் வேண்டும், வெளியே எடுத்ததும் காய் வியர்த்து, சீக்கிரம் முளைக்கும். பட்டறை மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், ஈரம் மட்டும் சேரக் கூடாது. வெப்பத்தோடு ஈரம் சேர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற கரும்பூஞ்சை தோலுக்கடியில் கரிப்பொடி தூவியது மாதிரி பரவிவிடும்.

அதனால் சித்திரையில் வரும் கோடை மழைதான் பட்டறைக்காரர்களின் பெரிய பயம். முன்பு பனையோலைக் கூரை மழையைத் தள்ளும், காற்றையும் விடும். இப்போது ஓலை வெட்ட மரம் ஏறும் ஆள் அரிது. தார்ப்பாய் வந்துவிட்டது. பாயை வெங்காயத்தின் மேலேயே போர்த்திக் கட்டிவிட்டு, மழை நின்ற பிறகும் எடுக்காமல் விட்டால் உள்ளே வேர்த்துக் கொட்டும். "சோம்பல் பட்டா பட்டறை வெந்துரும்" என்றார் பெரியவர். பழைய பட்டறை ஒன்றின் பக்கவலைச் சந்தில் கையை முழங்கை வரை விட்டு, கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் விட்டு, "இங்க சூடு ஏறுது, பிரிச்சுப் பொறுக்கணும்" என்று ஓர் இடத்தைக் காட்டினார். மாணவியின் கருவி அந்தப் பக்கத்தில்தான் மற்ற இடங்களைவிட ஈரப்பதத்தைக் கூடுதலாகப் பதிந்திருந்தது. பாய்க்கும் காய்க்கும் நடுவே ஓர் அடி இடைவெளி வரும்படி வளைவு வைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று இந்தப் பருவத்தில் ஒரு பட்டறையில் முயன்று பார்க்கிறார்கள். வளைவுக்கு யோசனை மாணவியுடையது. அதைக் காற்று பிடுங்காமல் கட்டிய முடிச்சு பெரியவருடையது.

முளைப்பைத் தடுக்க வேறு வழிகளும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-இல் அமைத்த கூடத்தில் வெங்காயத்தைக் காமா கதிருக்கு உட்படுத்துகிறார்கள். மிகச் சிறிய அளவு போதும், முளைக்குருத்து எழும்பாது. வேறு சில நாடுகளில் அறுவடைக்கு முன் தெளிக்கும் மாலியிக் ஹைட்ரசைடும் அதே பலனைத் தரும். சாப்பிடும் வெங்காயத்துக்கு இது சரி. செட்டிகுளத்துச் சம்சாரிக்கு இதில் ஒரு பெரிய இடறல் இருக்கிறது. அவர் பட்டறையில் வைத்திருப்பது சரக்கு மட்டுமில்லை, விதையும் அதுதான். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். வைகாசியில் விலை நன்றாக இருந்தால் விற்பார், மழை நன்றாக இருந்தால் நடுவார், பெரும்பாலும் இரண்டையும் கலந்து செய்வார். முளைக்கும் சக்தியை மாசியிலேயே அழித்துவிட்டால் அந்த முடிவு அவர் கையை விட்டுப் போய்விடும். பட்டறை வெங்காயத்தைத் தூங்கவைக்கிறது, அதன் முளையைக் கெடுப்பதில்லை. நான் அங்கே கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது இது. முளைப்பை நிறுத்துவதைச் சேமிப்பின் வெற்றியாக எடுத்துக்கொள்ளும் எந்த ஆய்வும் இந்த ஊரின் தேவையைப் பாதிதான் பார்க்கிறது.

விதையை வாங்கிக்கொள்ளலாமே என்றால், விலை ஏறும் ஆண்டில் விதை விலையும் சேர்ந்து ஏறும். 2019 டிசம்பரில் வெங்காய விலை உச்சத்தில் இருந்தபோது இந்த மாவட்டத்தில் விதை வெங்காயம் திருடுபோனது செய்தியானது. அதற்குச் சில மாதம் முன்புதான், செப்டம்பர் கடைசியில், எல்லா வெங்காய ஏற்றுமதிக்கும் ஒரே உத்தரவில் தடை வந்திருந்தது. மலேசியாவுக்கும் இலங்கைக்கும் போகும் சின்ன வெங்காயமும் அதில் சிக்கியது.

பட்டறையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அடியழுகல் நோயின் பியூசேரியம் பூஞ்சை விதைக்காயோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்கும் போகிறது. வருடக்கணக்காகச் சொந்தக் காயையே திருப்பி நட்டால் நோயும் பரம்பரையாகிவிடும். நடும்முன் டிரைக்கோடெர்மா விரிடியில் விதைநேர்த்தி செய்வது இங்கே இப்போது பரவியிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும். அதில் ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ விதை போதும், நாற்றுவிட்டு நடலாம். சிலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். நாற்றங்காலுக்கு ஒன்றரை மாதத் தண்ணீர் இல்லாதவர்கள் பட்டறையை விட முடியாது.

கிளம்பும் முன் அன்று போட்ட புதிய பட்டறைக்குச் சொந்தக்கார அம்மாவிடம் மாணவி அரசு மானியத்தைப் பற்றிச் சொன்னார். ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014-ஆம் ஆண்டு விதிப்படி 25 டன் கொள்ளும் குறைந்த செலவுக் கொட்டகைக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பீடு, அதில் பாதி மானியம் என்று இருந்தது. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நல்லதுதாம்மா. ஆனா இருவத்தஞ்சு டன்னுக்கு நான் எங்க போறது? இது குத்தக நெலம். அடுத்த வருசம் எந்தப் பக்கம் பயிர் வைப்பேன்னு எனக்கே தெரியாது. ரெண்டு டன்னு புடிக்கிற மாதிரி, கழட்டி வண்டியில ஏத்துற மாதிரி பைப்புல ஒண்ணு போட்டுத் தாங்க. பாதி பணம் நான் தாரேன்."

மாணவி குறிப்பேட்டைத் திறந்து அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். அம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கையை நீட்டி, தோளிலிருந்து விரல்நுனி வரை காட்டி, "இதுக்கு மேல போனா நடுவுல இருக்கறத யாரு தொட்டுப் பாக்கறது?" என்றார். மாணவி அளவு நாடாவை எடுத்து அவர் கையை அளந்து எழுதிக்கொண்டார்.