குழாய் ஏற்கெனவே போட்ட உரம்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பழக்கம் விடுவதில்லை. யாராவது உரம் என்று வாயெடுத்தால் போதும், “மண்ணைப் பார்த்தீங்களா?” என்று கேட்டுவிடுவான். இப்போது என் வசம் மண் இல்லை. சென்னையில் மகன் வீட்டுக் கூடத்தில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே வாலிஸ்நீரியா, கிரிப்டோகொரைன் செடிகள், கொஞ்சம் மீன். மண்ணுக்குக் கேட்ட கேள்வியைத் தண்ணீருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேல்மாடித் தம்பி ஒருவர் தன் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். பழைய இலைகள் நன்றாக இருந்தன. புதிதாக வந்த இலைகள் மட்டும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது.

“நைட்ரேட், பொட்டாசியம், அயர்ன் எல்லாம் போட்டுட்டேன் அங்கிள். அப்பவும் மஞ்சளாவே வருது. இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது வாங்கட்டுமா?”

“உங்க தண்ணியில என்ன இருக்கு தம்பி?”

“தண்ணியில என்ன அங்கிள் இருக்கும்? தண்ணிதான்!”

தழைச்சத்தோ சாம்பல்சத்தோ குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும்; மஞ்சள் கீழே தெரியும். (பெரியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம்.) இரும்பு அப்படி இடம் மாறாது. அதனால் குறை கொழுந்தில் தெரியும். அவர் தொட்டியில் இரும்புக்குத்தான் பஞ்சம். ஆனால் அவர் இரண்டு பாட்டில் இரும்பு ஊற்றி முடித்திருந்தார்.

ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தோம். பி.எச். 8-ஐ ஒட்டி இருந்தது; கடினத்தன்மைக் கட்டம் ஸ்ட்ரிப்பின் கடைசி நிறத்துக்கே போய்விட்டது. போர் தண்ணீர். அவர் ஊற்றியது ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மம் பிடித்து வைத்திருக்கும் வகை இரும்பு. பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அந்தப் பிடி தளர ஆரம்பிக்கும்; விடுபட்ட இரும்பு துருவாக அடியில் படிந்துவிடும். டி.டி.பி.ஏ. வகை ஏறக்குறைய 7.5 வரை தாங்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை மஞ்சளிப்பதும் இதே கதைதான். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. அங்கே ஃபெரஸ் சல்பேட்டைக் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்வோம். தண்ணீருக்குள் இருக்கும் இலையில் எங்கே தெளிப்பது? தண்ணீரைத்தான் சரி பார்க்க வேண்டும். இல்லாததால் வாடுவது ஒன்று, இருந்தும் எடுக்க முடியாமல் வாடுவது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான்.

நம் ஊர்த் தண்ணீர் ஒரே தண்ணீராக இருந்தால் கவலை குறைவு. சென்னை அடுக்ககத்தின் சம்ப்பில் என்னதான் விழுவதில்லை! ஒரு நாள் மெட்ரோ தண்ணீர். அதிலேயே ஏரித் தண்ணீரும் உண்டு, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல் தண்ணீரும் உண்டு. மறுநாள் போர். கோடை வந்தால் லாரி. 2019-இல் ஏரிகள் வறண்டபோது லாரி எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்கக்கூட யாருக்கும் நேரமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துவிட்டு, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீருக்குள்ளேயே மூன்று மடங்கு வித்தியாசம்.

கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்பிவிடுகிறார்கள். எண் 500 காட்டுகிறது என்றால், அது சுண்ணாம்பா, கடலோரப் போரில் ஏறிய சோற்றுப்பா என்று அந்த மீட்டர் சொல்லாது. முன்னதில் வாலிஸ்நீரியா கொழிக்கும். கரியமில வாயு போதாவிட்டால் பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் செடி அது. ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாக்கிக் காட்டுவார்களே, அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியின் இரும்பு. பார்த்துப் பயப்பட வேண்டாம். சாஃப்ட்னரும் உப்பை நீக்குவதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. துணிக்கு நல்லது, செடிக்கு ஆகாது. கடினத்தைக் குறைக்க வேண்டுமானால் பாதி ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்தாலே பாதியாகிவிடும்.

இனி நைட்ரேட் கணக்கு. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 1 கிராமை 100 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். குடிநீரில் 45 வரை அனுமதி உண்டு. உங்கள் போரில் 40 இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் மூடியைத் திறப்பதற்கு முன்பே குழாய் ஆறரை கிராம் உரத்தைப் போட்டுவிட்டது! மீன் தீனியும் தன் பங்குக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் போடுகிறது. 1999-இல் செடித் தொட்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்கப் பெண்மணி டயானா வால்ஸ்டாட், தீனியையே உரக் கணக்கில் சேர்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம். 40 நைட்ரேட் உள்ள தண்ணீர் ஊற்றிய தொட்டிக்கு வேண்டியது சாம்பல்சத்து மட்டும்தான், 0:0:50 போதும். யூரியா, டி.ஏ.பி. பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா மீனைக் கொல்லும், பி.எச். ஏற ஏற இன்னும் வேகமாக.

எது மிகக் குறைவோ அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் என்பது வேதியியலாளர் லீபிக் பெயரில் வழங்கும் விதி. அவருக்கு முன்பே 1828-இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் சொன்னது. சாம்பாரில் உப்பு இல்லையென்றால் இன்னொரு கரண்டி பருப்பைப் போட்டு என்ன பயன்? எங்கள் உறவில் ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் குறைவாக வாங்கினான். கணக்கு ட்யூஷன் வைத்தார்கள். போதவில்லை என்று இயற்பியல் ட்யூஷன். அப்புறம் ஞாயிறு தேர்வு. ஆளுக்கொரு பாட்டிலாக ஊற்றினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பையன் இரவு ஒன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்துகொண்டிருந்தான். அவன் பாட்டிதான் கேட்டாள், “ஏன்டா, நீ தூங்குறியா இல்லையா?” ஒரு ட்யூஷனை நிறுத்தினார்கள். மார்க் கூடியதா என்று என்னைக் கேட்காதீர்கள். பையன் சாப்பிடும்போது பேச ஆரம்பித்தான், அது தெரியும்.

அமெரிக்கரான டாம் பார் பிரபலப்படுத்திய முறையில், உரத்தைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே போட்டு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிக் கணக்கை நேர் செய்கிறார்கள். முறையில் பழுதில்லை. தண்ணீர் தாராளமாக, ஒரே குணத்தோடு வரும் ஊருக்கு அது சரி. மே மாதத்தில் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில், வாரம் 50 லிட்டரைக் கொட்டுவதற்கு எனக்கு மனம் வராது. போதாததற்கு, மாற்றும் தண்ணீர் வேறு குணத்தில் இருந்தால் கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கரைந்து கொட்டிவிடும். நான் கால் பங்குதான் மாற்றுகிறேன். உரமும் அரை அளவுதான். செடி கேட்டால் கூட்டுகிறேன். மெட்ரோ தண்ணீர் என்றால் முதல் நாளே வாளியில் பிடித்து வைத்துவிடுவேன், குளோரின் போகட்டும் என்று. அவசரமென்றால் இரண்டு சொட்டு ஹைப்போ.

மேல்மாடித் தம்பிக்கு டி.டி.பி.ஏ. இரும்பு வாங்கச் சொன்னேன், அரை வாளி ஆர்.ஓ. தண்ணீரும் கலக்கச் சொன்னேன். கொழுந்து பச்சையாக வருகிறது. மஞ்சளான இலைகள் திரும்பப் பச்சையாகவில்லை. ஆகாது, வெட்டிவிட வேண்டியதுதான்.

தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கும் முதலில் தண்ணீரைப் பார்க்கத்தான் சொல்வேன். மெட்ரோ வரும் நாளில் ஒருமுறை, போர் ஓடும் நாளில் ஒருமுறை, லாரி வந்தால் இன்னொரு முறை தண்ணீரைச் சோதியுங்கள். பி.எச்., கடினத்தன்மை, நைட்ரேட் மூன்றும் போதும். தேதி போட்டு எழுதித் தொட்டி ஸ்டாண்டில் ஒட்டி வையுங்கள். அப்புறமும் உரம் வேண்டியிருந்தால் வாங்குங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகள் எங்கும் ஓடிவிடாது.