பந்து விழுந்தால் மட்டும் போதாது

பூல் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பவர்கள், எந்தப் பந்து பாக்கெட்டில் விழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஆடுபவரின் கவலையெல்லாம் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதில்தான். அடுத்த பந்துக்கு வாகாக நிற்காவிட்டால், இப்போது போட்டதில் பெரிய பிரயோஜனமில்லை.

வெள்ளையின் நடுவுக்குக் கீழே அடித்தால், நேராக மோதியதும் பின்னால் திரும்பி வரும். மேலே அடித்தால் முன்னால் ஓடும். சுழற்சியே இல்லாமல் ஓரமாக மோதினால், இரண்டு பந்துகளும் ஏறக்குறைய 90 டிகிரியில் பிரியும். இந்த மூன்றும் கைவந்துவிட்டால் பாதி ஆட்டம் வசம்.

மீதிப் பாதி தந்திரம். 9-பால் ஆட்டத்தில், மேஜையில் இருப்பதிலேயே சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். தொடாவிட்டால், வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை எதிராளிக்கு. அதனால் பாக்கெட் செய்ய வழியில்லாதபோது, கெட்டிக்காரர்கள் வெள்ளையை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள்.

1995-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த ஒரு 9-பால் தொடரின் இறுதிப் போட்டி. 12-12 சமநிலை. ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட் அப்படித்தான் ஒளித்து வைத்தார். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் வெள்ளையை மேஜையோரத்தின் இரண்டு குஷன்களில் மோதவிட்டு, ‘இசட்’ வடிவில் கொண்டுவந்து 5-ஆம் பந்தை பாக்கெட்டில் போட்டார்! அந்த ஆட்டத்தையும் வென்றார்.

யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். பார்த்துவிட்டு, பலங்கொண்ட மட்டும் அடிக்கும் நம் கிளப் தம்பிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.