நூல் வாங்கும் படலம்

மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பிப் போன மீனின் நீளத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். தூண்டிற் கோலைப் பற்றிப் பேசுவார்கள். ரீலைப் பற்றிப் பேசுவார்கள். படகு எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று கேளாமலே சொல்லுவார்கள். நூலைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். இத்தனைக்கும், மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள ஒரே சம்பந்தம் அந்த நூல்தான். மற்றதெல்லாம் பரிவாரம்.

நான் குடியிருக்கும் ஸ்கார்பரோ, டொராண்டோ நகரத்தின் கிழக்குப் பகுதி. தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த அந்தத் தெருக்களை விட்டுத் தெற்கே போனால் செங்குத்தான மண் மேடுகள். அவற்றின் காலடியில் ஒன்டாரியோ ஏரி. ஏரி என்பது பெயரளவில்தான். 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். எங்கள் பாக்கு நீரிணையில் பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம் இருந்தாலே அதிகம். உப்புத்தான் இல்லையே தவிர, இதைக் கடல் என்று சொல்வதே நியாயம்.

இந்தத் தண்ணீரில் இப்போது ஓடித் திரியும் சினூக் சால்மன் இந்த ஏரியின் பழங்குடி அல்ல. இதற்கென்று இருந்த அட்லாண்டிக் சால்மன் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துவிட்டது. ஆறுகளை மறித்து அணை கட்டியதும், காடுகளை வெட்டியதும், கணக்கின்றிப் பிடித்ததும் சேர்ந்து செய்த வேலை அது. பிறகு 1966-இல் மிச்சிகன் மாநிலத்தார் பசிபிக் கரையின் கோஹோ சால்மன் குஞ்சுகளை மிச்சிகன் ஏரியில் சேரும் ஆறுகளில் விட்டார்கள். மறு வருஷம் சினூக் குஞ்சுகளை விட்டார்கள். காரியம் பலித்தது. மற்ற ஏரிகளுக்கும் அந்த வழக்கம் பரவிற்று. ஆக, எங்களைப் போலவே சினூக்கும் வெளியூரிலிருந்து வந்து இங்கே கால் ஊன்றிய ஜாதிதான். எங்கள் ஊரில் 'சமன்' என்றால் கடைத் தட்டில் டின்னுக்குள் இருக்கும் மீன். இங்கே அது இருபது பவுண்டு எடையுடன் உயிரோடு வந்து தூண்டிலைப் பிடித்து இழுக்கிறது.

அதைப் பிடிக்கும் முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். படகை மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டு, மினுங்கும் தகடுகளையும் பொய் மீன்களையும் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். கோடையில் மேல் தண்ணீர் சூடேறிவிடும். சினூக் குளிர்ச்சியைத் தேடிக் கீழே போய்விடும். ஆகையால் இரை இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். இதற்கு இரண்டு உபாயம் உண்டு. ஒன்று, பத்துப் பன்னிரண்டு பவுண்டுக் குண்டைத் தனிக் கம்பியில் தொங்கவிட்டு, தூண்டில் நூலை அதில் ஒரு கவ்வியால் கவ்விவிடுவது. மீன் கடித்ததும் கவ்வி நூலை விட்டுவிடும். மற்றது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டை நூலில் கோப்பது. தண்ணீரின் இழுப்பில் அது சாய்ந்து, பட்டம் மேலே ஏறுவதுபோலக் கீழே இறங்கும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வடமராட்சிக் கரையில் பிறந்து, முப்பது வயது வரை கைத்தூண்டிலும் வலையுமாக வாழ்ந்தவர். அவருடைய வலது கைச் சுட்டுவிரலில் நூல் ஓடி ஓடி விழுந்த தடம் இன்றும் இருக்கிறது. நான் அவரை அண்ணை என்று அழைப்பேன். அவருடைய மருமகன் கணக்கியல் படித்தவர், நல்ல பிள்ளை. போன வருஷம் மாமனாருக்காகவென்றே பழைய படகு ஒன்று வாங்கினார். ரீல் நான்கு வாங்கினார். அவற்றுக்கு நூல் வாங்கும் நாளன்றுதான் தகராறு ஆரம்பமாயிற்று. நடுவராக என்னையும் கடைக்கு அழைத்துப் போனார்கள்.

கடையில் நூலுக்கு மட்டும் ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் தங்கூசி. மறு பக்கம் பின்னல் நூல்.

தங்கூசியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1935-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் குழு நைலானை உண்டாக்கிற்று. 1938-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். பட்டும் சணல் நூலும் தூண்டிலை விட்டு ஒதுங்க அது காரணமாயிற்று. பின்னல் நூலின் கதை வேறு. கடையில் கத்தரிக்காய் போட்டுத் தரும் பையும் இதுவும் ஒரே குலம், பாலிதீன். 1970-களின் கடைசியில் நெதர்லாந்தில், மிக நீண்ட பாலிதீன் மூலக்கூறுகளைக் கரைத்துக் குழைவாக்கி, இழையாக இழுத்து, மூலக்கூறுகளெல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும்படி செய்தார்கள். பிறந்தது எஃகுக்குச் சவால் விடும் ஒரு நார். துப்பாக்கிக் குண்டு தடுக்கும் சட்டை செய்வதும் அதில்தான். அந்த நாரை நான்காகவோ எட்டாகவோ பின்னினால் தூண்டில் நூல்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு எண்கள் இருக்கும். 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், 8 பவுண்டுத் தங்கூசியின் பருமன்தான். 50 பவுண்டு நூல் 12 பவுண்டுத் தங்கூசியின் பருமன். மெல்லிய நூலைத் தண்ணீர் குறைவாகவே பிடித்து இழுக்கும். ஆகவே இரை சீக்கிரம் ஆழத்துக்குப் போகும். தவிர, இந்த நூல் நீளாது. நூறடித் தங்கூசியை இழுத்தால் அறுவதற்கு முன் பத்தடி, இருபதடிகூட நீளும். பின்னல் நூல் மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும்.

மருமகன் 80 பவுண்டுப் பின்னல் நூலில் நான்கு சுருள் எடுத்துக் கூடையில் போட்டார். "இதுதான் மாமா. எந்த மீனாலும் இதை அறுக்க முடியாது" என்றார்.

அண்ணை ஒரு சுருளை எடுத்து நுனியை விரலில் சுற்றிப் பார்த்தார். "மருமகன், உது கப்பல் கட்டுற கயிறு. எவ்வளவு தாங்கும் எண்டு பாக்கிறியள். எங்கை இளகும் எண்டு பாத்தீங்களோ?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன். அந்தப் புத்தகங்களில் இல்லாத ஒரு பாடம் அந்தக் கேள்வியில் இருந்தது. இருபது பவுண்டு மீன் ஒன்று படகுக்கு எதிர்த் திசையில் திடீரென்று பாய்கிறது. அந்த அதிர்ச்சி எங்காவது போய் அடங்க வேண்டும். தங்கூசியானால் நீண்டு கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும். நூல் நீளாவிட்டால் கோல் வளைய வேண்டும். கோலும் விறைப்பாக இருந்தால் ரீல் பிடியைத் தளர்த்தி நூலை விட வேண்டும். அதுவும் இறுகியிருந்தால் முள் நிமிர வேண்டும், அல்லது மீனின் வாய் கிழிய வேண்டும். அடி ஒன்றுதான். யார் வாங்குவது என்பதுதான் கேள்வி.

ஆனால் அண்ணை பின்னல் நூலுக்கு விரோதியல்லர். கடைக்காரப் பையன் கோல் ஒன்றில் பின்னல் நூலைக் கோத்து, எட்ட நின்று நுனியை மெல்லச் சுண்டிக் காட்டினான். அண்ணையின் விரல் நூலின்மேல் இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "ஊரிலை கைநூல் பிடிச்ச மாதிரி இருக்கு, தம்பி" என்றார் என்னிடம். பல வருஷங்களாக ரீலும் தங்கூசியுமாக மீன் பிடித்ததில் அவர் இழந்திருந்தது அந்தத் தொடு உணர்ச்சியைத்தான். தங்கூசி செய்தியைப் பாதி வழியில் விழுங்கிவிடும். பின்னல் நூல் அறுபது மீட்டருக்கு அப்பால் தகடு சுழல்வதைக்கூட விரலுக்குக் கொண்டு வந்து தரும்.

கடைசியில் தீர்ப்பு இப்படி ஆயிற்று. வட்டுப் போடும் இரண்டு ரீலுக்குப் பின்னல் நூல், 50 பவுண்டு. இதற்கு நல்ல காரணம் உண்டு. இரையைச் சோதிக்க வட்டை மேலே கொண்டுவர வேண்டுமானால், ஒரு சுண்டு சுண்டி அதன் பூட்டை விடுவிக்க வேண்டும். தங்கூசியில் சுண்டினால் நூல் நீள்வதோடு சரி. வட்டுக்குச் சேதி போகாது. குண்டுக் கம்பியோடு போகும் மற்ற இரண்டு ரீலுக்குத் தங்கூசி. அங்கே ஆழத்துக்குக் கொண்டுபோக குண்டு இருக்கிறது. மெல்லிய நூலுக்கு அவசியமில்லை. வழுவழுப்பான பின்னல் நூல் கவ்வியில் வழுக்கவும் செய்யும்.

இந்தக் குண்டு ரீல்களில் தடித்த தங்கூசி போடுவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1998-இல் ஒன்டாரியோ ஏரியில் ஒரு வேண்டாத விருந்தாளியைக் கண்டுபிடித்தார்கள். காஸ்பியன், கருங்கடல் பக்கத்துத் தண்ணீர்ப் பூச்சி அது. கப்பல்களின் வயிற்றுத் தண்ணீரோடு வந்து சேர்ந்தது. வாலில் நீண்ட முள். நுனி தூண்டில்போல வளைந்திருக்கும். கோடையில் இவை ஆயிரக்கணக்கில் நூலில் மாட்டிக்கொண்டு நனைந்த பஞ்சுபோல் திரண்டுவிடும். கோலின் வளையத்துக்குள் நூல் நுழையாது. மெல்லிய நூலில் சீக்கிரம் மாட்டும், தடித்த நூலில் அவ்வளவாக மாட்டாது என்பது இங்குள்ள மீன்பிடிகாரர்களின் அனுபவம்.

பின்னல் நூலை வெறும் உருளையில் நேரே சுற்றவும் கூடாது. அதற்குப் பிடிமானம் கிடையாது. மீன் இழுக்கும்போது சுருள் முழுவதும் உருளைமேல் வழுக்கிச் சுற்றும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி, அதன்மேல்தான் இதை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக ஏற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றைப் பிளந்து உள்ளே புதைந்துவிடும். ஓடும் நூலை வெறுங்கையால் பிடிப்பதோ கத்தியைப் பிடிப்பதற்குச் சமம்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை ஏரிக்குள் போனோம். முதல் மீன் மருமகனின் பின்னல் நூலில் அடித்தது. அவர் உற்சாக மிகுதியில் ரீலின் பிடியை இறுக்கினார். கோல் ஒரு தடவை வில்லாக வளைந்து நிமிர்ந்தது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் நிமிர்ந்து கோணூசி போல் இருந்தது. நூலுக்கு ஒரு சேதமும் இல்லை. 50 பவுண்டு என்று பெட்டியில் போட்டது பொய்யில்லை. ஆனால் படகில் மீன் இல்லை.

அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோலை எடுத்து, ரீலின் பிடியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மருமகனின் கையிலேயே கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து அதில் அடித்த மீன் நூறு மீட்டர் நூலை இழுத்துக்கொண்டு ஓடிற்று. ரீல் கதறிற்று. மருமகனின் கை பிடியை இறுக்கப் போவதும், மாமனாரின் முகத்தைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தது. "விடுங்கோ... ஓடட்டும். ஓடிக் களைக்கிறது அதின்ரை வேலை, விட்டுக்குடுக்கிறது எங்கடை வேலை" என்றார் அண்ணை. கால் மணி நேரத்தில் மீன் வலைக்குள் வந்தது. தராசில் பத்தொன்பது பவுண்டு.

திரும்பி வரும்போது மருமகன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அப்படியானால் இன்னும் மெல்லிய நூலே போடலாமே மாமா?" கூடாது என்றார் பெரியவர். மெல்லிய நூலில் போராட்டம் நீளும். மீன் செத்த களை களைத்துவிடும். அதைத் தண்ணீரில் திரும்ப விட்டாலும் பிழைக்காது. நடுவில் அறுந்தாலோ நூறு மீட்டர் நூலையும் வட்டையும் இழுத்துக்கொண்டே திரிந்து சாகும். அதற்காகத்தான் பின்னல் நூலின் நுனியில் ஆறேழு அடிக்கு 25 பவுண்டு ஒற்றை இழை கட்டுகிறோம். அது தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். எல்லாவற்றிலும் பலம் குறைந்தது மீனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். அறுந்தே தீருமென்றால் அங்கே அறட்டும். மீன் குறைந்த சுமையோடு போகட்டும்.

இதைக் கேட்ட பிறகு, நூல் வாங்குவதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் பவுண்டுக் கணக்குச் சொல்வதில்லை. இரண்டு கேள்விகள் கேட்கிறேன். உங்கள் ஏற்பாட்டில் எது இளகும்? எது முதலில் அறும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர் எந்தப் பெட்டியை எடுத்தாலும் குற்றமில்லை. தெரியாதவருக்கு 80 பவுண்டு நூலும் போதாது.

இன்னும் ஒரு சங்கதி. இந்தப் பாலிதீன் நார் மக்காது. மனிதர் ஆயுளைப் போலப் பல மடங்கு கிடக்கும். கரையோரத்தில் கடற்காகத்தின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றினால் அவற்றால் அறுத்துக்கொள்ள இயலாது. தங்கூசித் துண்டுகளையாவது சில இடங்களில் சேர்த்து உருக்கி மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். பின்னல் நூலை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அண்ணை படகில் பழைய தேயிலை டின் ஒன்று வைத்திருக்கிறார். முடிச்சுப் போட்டு நறுக்கிய துண்டு அரை அங்குலமானாலும் அதற்குள் போடுகிறார். இப்போது மருமகனும், கேட்காமலே, டின்னின் மூடியைத் திறந்து நீட்டுகிறார்.