ரதவீதியும் தீப்பெட்டியும்

குடிமைப் பணித் தேர்வுக்கென அச்சாகும் கையேடுகளில் விந்தையான ஒழுங்கொன்று உண்டு. நவீன வரலாறு ஒரு கட்டில், பொருளாதாரம் இன்னொரு கட்டில். நிரந்தர நிலவரித் திட்டமென்றால் காரன்வாலிஸ், 1793, வங்காளம். செல்வச் சுரண்டலென்றால் தாதாபாய் நௌரோஜி. பணவீக்கமென்றால் ஒரு வரையறையும் இரண்டு வகைகளும். கழுகுமலை ரதவீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில், ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் மூவர் நாங்கள். நாவல்களும் சிறுபத்திரிகைகளுமே எங்களை ஒன்று சேர்த்தவை. பாடம் நடத்துவது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். அதனாலோ என்னவோ, கையேட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் இம்மண்ணில் ஒரு முகவரி தேடும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

முகவரிகள் கிடைக்காமலும் இல்லை. வங்காளத்து ஏற்பாட்டைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்வழி பாளையங்கள் ஜமீன்களாயின. கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் போயிற்று. கழுகுமலையும் எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டதுதான். வரித்தொகை மாறாதது என்பதோடு பாடநூல் நிறுத்திக்கொள்கிறது. ஜமீன் என்பது வரி வசூல் மட்டுமல்ல. கோயிலின் மேலும், கோயிலைச் சுற்றிய தெருக்களின் மேலும் செல்லும் அதிகாரம் அது என்பதை அறிய இவ்வூருக்குத்தான் வரவேண்டும். வணிகத்தால் செழித்துவந்த நாடார் சமூகத்தினர் ரதவீதிகளில் ஊர்வலம் செல்ல உரிமை கோரியதும், அது மறுக்கப்பட்டதும், 1895இல் கலவரமாக வெடித்து உயிர்களைப் பறித்ததும் இங்கேதான். நான்கு ஆண்டுகள் கழித்துச் சிவகாசி எரிந்தது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற பூமணியின் ‘அஞ்ஞாடி’யை வாசித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கையேட்டில் ‘சமூக, சமய இயக்கங்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு வரிகூட இல்லாத செய்தி, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ஒரு நாவலாக நிற்கிறது.

பருத்தியை விரைந்து கடந்துவிடுவோம். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோது, இக்கரிசலின் பஞ்சுக்கு விலை ஏறிற்று. போர் ஓய்ந்ததும் இறங்கிற்று. 1876இல் கோவில்பட்டி வழியே தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. இருப்புப்பாதை துறைமுகத்தில் போய் முடிவதை வரைபடத்தில் காட்டினால் போதும், நௌரோஜியை விளக்க வேறொன்றும் வேண்டாம்.

எங்களை மடக்கியது தீப்பெட்டி.

1922இல் இந்திய அரசு இறக்குமதித் தீக்குச்சிமீது தீர்வையை உயர்த்தியது. வருவாயை எண்ணிச் செய்த காரியம், உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியாயிற்று. அடுத்த ஆண்டே ஸ்வீடன்காரர்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்து விம்கோ நிறுவனத்தைத் தொடங்கினர். அதே காலத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தலைப்பட்டனர். வானம் பார்த்த பூமி, ஆண்டில் பாதி நாள் வேலையில்லாத கைகள், ஈரமற்ற காற்று. தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனப் பரவியது. 1934இல் கலால் வரி வந்தது. பின்னாளில் இயந்திரத்துக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்ற வரிச்சலுகையின் நிழலில் இவ்வட்டாரத்துத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’கள் பெருகின. (தொழிற்சாலை என்று இங்கே எவரும் சொல்வதில்லை.) குழந்தைத் தொழில், பாதுகாப்பு வரி, மறைமுக வரி, சிறுதொழில் கொள்கை என நான்கு தலைப்புகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன என்று நாங்கள் மகிழ்ந்திருந்த ஞாயிறன்றுதான் அந்த மாணவி கேட்டாள்.

“சார், பதினாலு வருசம் தீப்பெட்டி ஒரு ரூபாய்தானே? அதை விலை நிலைத்தன்மைன்னு எழுதலாமா?”

அவளுடைய தாயார் இருபது ஆண்டுகளாகத் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைப்பவர். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோசுக்கு 144 பெட்டி. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான விலை, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அட்டை, மெழுகு, பாஸ்பரஸ், குளோரேட் எல்லாம் ஏறின. விலையேறாத பண்டம் நுகர்வோருக்கு நன்மை என்கிறது பாடம். அவ்வேற்றத்தை யார் சுமந்தார் என்பது அவள் கேள்வியின் உள்ளுறை.

பாடநூல் விடை அரைகுறையாகவே உதவிற்று. தீக்குச்சி அடுப்புக்கு இன்றியமையாதது. அதன் தேவை நெகிழ்ச்சி குறைந்தது. ஆகவே விலையை ஏற்றலாம். சந்தை முழுமைக்கும் இது பொருந்தும். ஆனால் தனியொரு முதலாளி பத்துக் காசு கூட்டினால் கடைக்காரர் அடுத்த லேபிளை எடுத்துவிடுவார். அன்றியும் பத்துக் காசுக்குச் சில்லறை ஏது? தீப்பெட்டி விலை நாணயத்திலிருந்து நாணயத்துக்குத் தாவுமேயன்றி ஊர்ந்து ஏறாது. எல்லோரும் கூடி ஒரே நாளில் ஏற்றினாலொழிய ஏற்ற முடியாது. 2021இல் நடந்ததும் அதுவே. அதுவரை குறையக்கூடியவை இரண்டு: பெட்டிக்குள் குச்சி, வெளியே கூலி. குச்சிகளை எண்ணிப் பார்க்கலாம். கூலி குறைவதை எண்ணிப் பார்க்க இயலாது. தொகை குறைவதில்லை, அரிசி விலையோடு ஒட்டி ஓடாமல் பின்தங்கிவிடும். பணவீக்கத்தின் வரையறையைவிட இந்தப் பின்தங்கலே அதன் மெய்ப்பொருள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். அவளுடைய பாட்டி கட்டை அடுக்கப் போனது எட்டு வயதில். பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்னும் அரசமைப்பின் 24ஆம் உறுப்பும், 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசி தொடர்பாக எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அவளுக்கு மனப்பாடம். பாட்டிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு மைய அரசு தடை விதித்த செய்தி மட்டும் அவ்வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நூறாண்டுக்குப் பின் மீண்டும் ஒரு வேலி.

இவ்வளவையும் விடைத்தாளில் எழுதலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. திருத்துபவருக்கு நேரமில்லை, வரையறையும் ஆண்டும் தெரிந்தால் போதும், வீட்டுக் கதை எழுதிப் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கலாகாது என்பது ஒருவர் கட்சி. அதில் நியாயம் உண்டு. அவளுக்கு வீட்டில் தந்திருக்கும் தவணை இன்னும் ஓராண்டுதான், அதன்பின் கல்யாணப் பேச்சு. எல்லோரும் எழுதுவதையே எழுதினால் எவர் கண்ணில் படும் என்பது மற்றவர் கட்சி.

சென்ற மாதிரித் தேர்வில் பணவீக்கம் பற்றிய வினாவுக்கு 250 சொல் கேட்டிருந்தோம். முதல் நான்கு வரிகளில் வரையறையை முடித்துவிட்டு, மீதி முழுவதும் ஒரு ரூபாய்த் தீப்பெட்டியை எழுதியிருந்தாள். பதினைந்துக்கு ஒருவர் ஆறு போட்டார், மற்றவர் பதினொன்று. மூன்றாமவர் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்.