உருவிப்போட்ட பின்னல்

டொரண்டோவில் இருக்கும் பேத்திக்கு மஃப்ளர் பின்னுகிறேன். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை, நடுவில் கயிறு முறுக்கினது போல ஒரு வரி. நம்ம இரணியலில் துண்டு போட்டாலே கழுத்து வியர்க்கும்!

முறுக்குக்கு 6 கண்ணி. முதல் 3 கண்ணியைச் சிறு ஊசியில் வாங்கி முன்னால் நிறுத்தணும். அடுத்த 3 பின்னிவிட்டு, நிறுத்தினதைப் பின்னணும். 8 வரிசைக்கு ஒரு தடவை. நேற்று முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துவிட்டேன். முறுக்கு திசைமாறிப் போனது 6 வரிசை தாண்டித்தான் கண்ணில் பட்டது.

எல்லாத்தையும் பிரிக்கவில்லை. அந்த 6 கண்ணியை மட்டும் கீழே இறக்கி, திரும்பப் பின்னி ஏற்றினேன். பட்டையின் நிறம்கூட மாறவில்லை. அரை மணி நேரம்தான்.

1820களில் மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஊர் நம்முடையது என்று வகுப்பில் பெருமை பேசுவேன். அதே வகுப்பில் ஒரு கண்ணி தப்பினாலும் முழுவதையும் உருவிப்போடுவேன். என்னைப் பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே நூலைச் சுற்றினாள். அதன்பிறகு அவள் ஊசியைத் தொடவே இல்லை.

இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுது மக்களே. தப்பு என்னுடையது. வீட்டில் நூல் மிச்சம் இருக்கிறது, வா.