ரெஜிபோம் பெட்டியில் மிளகாய்

போன கிழமை விடுதியில் என் அறைத்தோழி கேட்டாள். "எல்லாரும் பரீட்சைக்குத் தலையைப் பிய்ச்சுக்கொண்டு நிக்கிறம், நீ என்னடி அந்தத் தயிர்ச்சட்டிக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறாய்?"

தயிர்ச்சட்டிக்குள் தயிர் இல்லை, கற்பூரவள்ளி. தடிமன் வந்தால் உதவும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். பொறுமை இருக்கிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கள் :-)

2022ஆம் ஆண்டு இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. பிறகு பள்ளிக்கூடமும் இல்லை. நான் அப்போது உயர்தரம் எடுக்கக் காத்திருந்தேன். பரீட்சை எப்போது என்று யாருக்கும் தெரியாது (கடைசியில் 2023 ஜனவரியில்தான் நடந்தது). எல்லாரும் பெற்றோல் வரிசையைப் பற்றித்தான் கதைத்தார்கள். எங்கள் வீட்டில் பிரச்சினை மண்ணெண்ணெய்.

எங்கள் ஊர் வடமராட்சிப் பக்கம், கடலோரம். அப்பா மீனவர். சின்னப் படகு, அதன் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். சோளகக் காலம்தான் எங்கள் பக்கம் கடல் கைகொடுக்கிற காலம். வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், பல நாள் இறங்கவே ஏலாது. அந்தச் சோளகம் முழுக்க அப்பாவின் படகு கரையில் கிடந்தது. கானைத் தூக்கிக்கொண்டு இரவிரவாக வரிசையில் நிற்பார், விடிய வெறும் கானோடு வருவார். பிறகு படகடியில் போய் இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அதிகம் கதைக்கிற மனிதன் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஓர் இரவு, நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்து, எஞ்சினை விற்பது பற்றி மாமாவோடு கதைத்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. எஞ்சின் போனால் பிறகு என்ன? யாராவது ஏஜென்சிக்காரனிடம் கடன்பட்டு வெளிநாடு போவாரா? அந்த நாட்களில் மன்னார்ப் பக்கத்திலிருந்து சனம் படகில் இராமேஸ்வரம் போய் இறங்குகிற செய்தி வேறு அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

வீட்டுத்தோட்டம் தொடங்கியது அம்மா. ஜூன் மாதம் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு, வீட்டில் இருந்து பயிர் செய்யட்டும் என்று. அதைக் கேட்டு அப்பா அன்றைக்கு மட்டும் வாய் திறந்தார். "எங்களுக்கு எல்லாக் கிழமையும் லீவுதானே." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா மட்டும் அடுத்த நாள் மண்வெட்டியை எடுத்தா.

எங்கள் வளவு மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண் என்று பெருமையாகச் சொல்வார்களே, அதெல்லாம் உள்ளே இருக்கிறவர்களுக்கு. எங்களுக்கு வெறும் மணல். தண்ணீர் ஊற்றினால் நின்று பார்க்காமல் இறங்கிவிடும். கிணறும் கோடையில் லேசாக உவர்க்கும். முதலில் நிலத்தில் போட்ட கீரை விதை ஒன்றும் சரிவரவில்லை. அப்போதுதான் அம்மாவின் கண் அப்பாவின் மீன் பெட்டிகளில் விழுந்தது. ஐஸ் போட்டு மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், சும்மா அடுக்கிக் கிடந்தன. அடியில் கம்பியைச் சூடாக்கி ஓட்டை போட்டோம். சித்தி வீட்டிலிருந்து செம்மண். கரையில் ஒதுங்கிக் கிடந்த சாதாளையை அள்ளி, உப்புப் போக நாலைந்து தரம் கழுவிக் காயவைத்து, மாட்டெருவோடு கலந்தோம். கடையில் உரம் வாங்குகிற கதையே இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, பிறகு தடையை எடுத்தபோது விலை எங்கேயோ போய்விட்டது. மிளகாய், வெண்டி, பயிற்றங்காய், ஒரு பெட்டியில் கீரை. வேலி ஓரமாக மரவள்ளித் தடி.

அம்மாவுக்கு எல்லாவற்றிலும் செபம் இருக்கவேண்டும். பின்னேரம் கரண்ட் இல்லாத நேரம், ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் கோப்பை. ஒரு மணிக்கு ஒரு கோப்பை தண்ணீர். 53 அருள் நிறைந்த மரியே, 53 கோப்பை. கணக்குப் பிழைக்காது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "அம்மா, மாதா என்ன மண்ணெண்ணெய்க் கப்பலே கொண்டுவரப் போறா?" கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கோபிக்கவில்லை. கோப்பையை என் கையில் தந்து, "கரைப் பெட்டிக்கு ஊத்து, மிச்சத்தை நீ சொல்லு" என்றா. மிச்சத்தை நான் சொன்னேன். பெரிய பக்தியோடு எல்லாம் இல்லை. ஆனால் முடிகிறபோது, அன்றைக்கு முதல் தடவையாக, ஒரு மணித்தியாலமாக எஞ்சினைப் பற்றி நினைக்கவில்லை என்று தெரிந்தது.

அந்த நாட்களில்தான் லூக்கா 13ஆம் அதிகாரத்து அத்திமர உவமையை ஒழுங்காக வாசித்தேன். மூன்று வருசமாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருசம் கேட்கிறான். சுற்றிக் கொத்தி எரு போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். மறைக்கல்வி வகுப்பில் இதை மனம் திரும்புங்கள் என்று சொல்லித் தந்தார்கள், அது சரிதான். நான் கவனித்தது வேறு. மரம் கட்டாயம் காய்க்கும் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. பிறகு காய்த்ததா இல்லையா என்று இயேசுவும் சொல்லவில்லை. கதை எருவோடு நிற்கிறது! எனக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். ஏனோ ஆறுதலாக இருந்தது. எங்கள் வீட்டுக் கதையும் அப்போது அந்த இடத்தில்தான் நின்றது.

ஜூலையில் மிளகாய்க்கு இலை சுருளத் தொடங்கியது. சோளகம் அடித்து மண் காய, தளிரெல்லாம் படகு மாதிரி வளைந்துவிட்டது. நான் அழுதே விட்டேன் (ஒரு மிளகாய்ச் செடிக்கு என்று சிரிக்கவேண்டாம், அது மிளகாய்க்கான அழுகை இல்லை). அப்பா எழும்பி வந்தார். செடியைத் திருப்பி இலையின் அடியைப் பார்த்தார். "பூச்சி, பிள்ளை. கண்ணுக்குத் தெரியாது, கீழதான் இருக்கும்." எரிவாயு இல்லாமல் விறகில் சமைத்ததால் வீட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அதைத் தூவினோம். வேப்பிலையை அரைத்து ஊறவைத்து வடித்து, இலைக்குக் கீழே படுகிற மாதிரி அப்பாவே தெளித்தார். காற்றுக்கு மறைப்பாகப் பழைய வலையை மடித்துக் கட்டினார். வலை கட்டுகிற கை அல்லவா, அந்த முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை. அடுத்த நாள் பின்னேரம் செபமாலை நேரத்தில், கூப்பிடாமலே வந்து வாளியைப் பிடித்தார்.

ஒரு சின்ன விசயம். யோவான் 20இல் உயிர்த்த இயேசுவை மதலேன் மரியாள் தோட்டக்காரர் என்று நினைக்கிறா. அடுத்த அதிகாரத்திலேயே அவர் கரையில் நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஒன்றும் படாமல் வந்த மீனவர்களுக்கு மீன் சுடுகிறார். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப அவருக்கு ரெண்டு தொழிலும் தெரியும்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பகிடி.

ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு, 87 ரூபா விற்ற மண்ணெண்ணெய் 340 ரூபா ஆனது. விலை கேட்டு எல்லாரும் தலையில் கை வைத்தோம். ஆனால் மெல்ல மெல்லச் சாமான் கிடைத்தது. எஞ்சினை விற்கவில்லை. முதல் நாள் கடலுக்குப் போகப் புறப்பட்டபோதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது, மீன் பெட்டியெல்லாம் தோட்டத்தில்!

"ஒரு பெட்டியாவது தாங்கோவன்" என்று அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா கீரைப் பெட்டியைக் கொட்டிக் கொடுத்தா. அடியில் ஆறு ஓட்டை. அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளுக்குள்ளால் எங்களைப் பார்த்தார். பிறகு பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒவ்வொன்றாக அடைத்தார். அன்றைக்குப் பெரிய மீன் ஒன்றும் படவில்லை, கொஞ்சம் சூடைதான். குழம்புக்கு மிளகாய் எங்களுடையது. உறைப்பு கூடிப்போய் தம்பி ஒரு செம்பு தண்ணீர் குடித்தான்.